ஃப்ரீசரிலிருந்து எடுத்த சவர்டோ பீட்சா மாவு கிழிகிறதா?

“நன்றாகப் பொங்கிய மாவை ஃப்ரீசரில் வைத்து, எடுத்ததும் சமையல் மேடையிலேயே விட்டேன். வெளியே பிசுபிசு, நடுவே கல், விரித்தால் கிழிகிறது” என்கிறீர்கள். ஸ்டார்ட்டர் (சவர்டோ மாவைப் பொங்க வைக்கும் புளித்த மாவுக் கலவை) மேல் பழி போடாதீர்கள்.

முழுக்கப் பொங்கிய மாவை உறைய வைத்ததுதான் முதல் கோளாறு. உறையும்போது ஈஸ்ட்டில் ஒரு பகுதி செத்துவிடும். செத்த செல்களிலிருந்து கசியும் குளூட்டதயோன் என்ற பொருள், மாவைப் பிடித்து வைக்கும் புரத வலையான குளூட்டனைத் தளர்த்தும். பனித்துகள்கள் வேறு அந்த வலையை அறுக்கும். ஏற்கெனவே புளித்துத் தளர்ந்த மாவு இதைத் தாங்காது. அடுத்த முறை, பாதியளவு உப்பியதுமே 250 கிராம் உருண்டைகளாக்கி, எண்ணெய் தடவி, காற்றுப் புகாமல் மூடி வையுங்கள். கொஞ்சம் தட்டையாக இருந்தால் சீக்கிரம் உறையும், சீக்கிரம் இளகவும் செய்யும்.

அப்புறம், இளக்குவது. முந்தின இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். மறுநாள் வெளியே எடுத்து, மூடியபடியே 3 அல்லது 4 மணி நேரம். நம் ஊர் வெயிலில் 2 கூடப் போதும். கடிகாரத்தைவிட விரலை நம்புங்கள்: அழுத்திய குழி மெதுவாக மேலெழும்பினால் சரி. நடுவில் சில்லென்று இருந்தால் கை வைக்காதீர்கள். மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம், ஓரம் வெந்துவிடும்.

ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். என்னைக் கேட்டால், விரித்த மாவை 3, 4 நிமிடம் அரைவேக்காடாகச் சுட்டு, ஆறவைத்து உறைய வைப்பதுதான் நிம்மதி.

இப்போது கிழிந்ததைத் தூக்கிப் போட வேண்டாம். தட்டில் தாராளமாக எண்ணெய் விட்டுப் பரப்பி, உப்பியதும் ஃபொக்காச்சி என்ற தடித்த இத்தாலிய ரொட்டியாகச் சுட்டுவிடுங்கள்.