கரப்பான் ஸ்ப்ரேயும் குழந்தை அறை பெயின்டும்

கேள்வி: எனக்கு இப்போது 11-வது வாரம். முதல் குழந்தை. கர்ப்பம் என்று தெரிவதற்கு முன்பு தலைக்கு டை அடித்துக்கொண்டேன். போன வாரம் சமையலறையில் கரப்பான் பூச்சி ஸ்ப்ரே அடித்துவிட்டு, அந்த வாடை போவதற்குள் அங்கேயே நின்று பாத்திரம் துலக்கினேன். பாத்ரூம் கழுவும்போது நெடி மூக்கில் ஏறுகிறது. மைக்ரோவேவ் ஓடினால் அடுத்த அறைக்குப் போய்விடுகிறேன். குழந்தைக்கு ஒரு அறை தயார் செய்கிறோம். பழைய பெயின்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாக அடிக்க வேண்டும். வீட்டில் பூனையும் இருக்கிறது. ராத்திரி தூக்கம் வராமல் ஒவ்வொன்றாகப் போனில் தேடிக்கொண்டிருக்கிறேன். கணவரிடம் சொன்னால் ‘எல்லாம் உன் மனப்பிரமை’ என்கிறார். தெரியாமல் குழந்தைக்குக் கெடுதல் செய்துவிட்டேனா?

பதில்: நீங்கள் எழுதியதில் இதுவரை நடந்து முடிந்தவற்றைப் பார்த்தால், குழந்தைக்குக் கெடுதல் வந்திருக்கும் என்று நினைக்க எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை. ஆனால் இனிமேல் நடக்கப்போவதாகப் போகிறபோக்கில் ஒன்றைச் சொல்லியிருக்கிறீர்கள். மைக்ரோவேவுக்கு ஒதுங்கிப் போகிற நீங்கள் அதற்குக் கவலையே படவில்லை. அதில் தொடங்குகிறேன்.

பழைய பெயின்டைச் சுரண்டுவதைத்தான் சொல்கிறேன். அந்தக் காலத்துப் பெயின்ட்களில் ஈயம் கலப்பது சாதாரணம். அமெரிக்காவில் வீட்டுப் பெயின்டில் ஈயத்தை 1978-ல்தான் தடை செய்தார்கள். சில நாடுகளில் இன்றுவரை சட்டமே இல்லை. மேலே புதுப் பெயின்ட் இருந்தாலும் அடியில் பழைய அடுக்கு அப்படியே இருக்கலாம். உரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும்வரை அதனால் தொல்லை இல்லை. சுரண்டினாலோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாலோதான் பொடியாகப் பறக்கும். அந்தப் பொடிக்கு வாசனை கிடையாது. அதனால் யாரும் மூக்கைப் பொத்திக்கொள்வதில்லை. மூச்சோடும் கையில் ஒட்டியும் உள்ளே போகும் ஈயம், ரத்தத்தில் கலந்து நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய்ச் சேரும். வளரும் மூளைக்கு இந்த அளவு வரை பரவாயில்லை என்று சொல்ல ஈயத்துக்கு அளவே கிடையாது.

அதனால் அந்தச் சுவரில் இப்போதைக்கு யாரும் கை வைக்க வேண்டாம். வீடு பழையது என்றால் பெயின்டைச் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஈயம் இருந்தால், அதை எடுக்கப் பயிற்சி பெற்றவர்கள் எடுக்கட்டும். வேலை முடிந்து, ஈரத்துணியால் துடைத்துச் சுத்தம் செய்யும்வரை நீங்கள் வேறு இடத்தில் இருங்கள். உலர்வாகப் பெருக்கினால் தூசி திரும்பவும் எழும்பும். சுரண்டியவரின் துணியையும் தனியாகத் துவைக்க வேண்டும். ஒருவேளை ஏற்கெனவே கொஞ்சம் சுரண்டியிருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று பார்க்கச் சாதாரண ரத்தப் பரிசோதனையே போதும். புதுப் பெயின்ட் அடிப்பது இதைவிடச் சின்ன விஷயம். தண்ணீரில் கரைகிற வகையாக வாங்கி, ஜன்னலைத் திறந்து வைத்து, வேறு யாராவது அடிக்கட்டும். தின்னர் பக்கம் போகாதீர்கள்.

இனி நீங்கள் தூக்கம் கெட்டுத் தேடியவை. ஹேர் டையில் தலைத்தோல் வழியாக உடம்புக்குள் போவது மிகக் கொஞ்சம். முதல் 12 வாரம் போகட்டும் என்று பலர் காத்திருப்பது கூடுதல் ஜாக்கிரதைக்காக. அதற்கு முன் ஒரு தடவை அடித்துக்கொண்டதால் எதுவும் கெட்டுப்போகாது. கரப்பான் ஸ்ப்ரேக்களில் பெரும்பாலும் இருப்பது பைரெத்ராய்டு வகை மருந்து. உடம்பு அதைச் சீக்கிரமே உடைத்து வெளியேற்றிவிடும். ஒரு நாள் வாடையில் நின்றதைப் பற்றி நினைப்பதை விட்டுவிடலாம். வாராவாரம் அடிப்பதாக இருந்தால் மட்டும் பழக்கத்தை மாற்றுங்கள்: மூலையில் வைக்கும் ஜெல் மருந்துக்கு மாறலாம், இல்லாவிட்டால் வேறு யாராவது அடித்து, காற்றோட்டம் விட்டு, மேடையைத் துடைத்த பிறகு நீங்கள் உள்ளே போகலாம். மைக்ரோவேவ் வெளிவிடுவது எக்ஸ்ரே மாதிரியான கதிர் கிடையாது. கதவைத் திறந்தால் அணைந்துவிடும். கதவு உடைந்ததைப் பயன்படுத்தாதீர்கள், அவ்வளவுதான். வைஃபை பற்றியும் அடுத்துக் கேட்பீர்கள் என்று தெரியும். அதற்கும் பயப்பட வேண்டாம்.

பாத்ரூம் நெடி கொஞ்சம் வேறு. ஒரு கிளீனரை மட்டும், பாட்டிலில் எழுதியபடி, கதவைத் திறந்து வைத்து, கையுறை போட்டுப் பயன்படுத்தினால் சரி. ‘இன்னும் பளிச்சென்று ஆகட்டும்’ என்று இரண்டை ஒன்றாக ஊற்றுவதுதான் ஆபத்து. பிளீச்சோடு ஆசிட் கிளீனர் சேர்ந்தால் குளோரின் வாயு வரும்; அமோனியா உள்ளது சேர்ந்தால் குளோரமைன் வரும். இரண்டும் முதலில் உங்கள் நுரையீரலைத்தான் பதம் பார்க்கும். தொண்டை எரிந்தால் பாதியிலேயே விட்டுவிட்டு வெளியே வாருங்கள்.

பூனையை யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம். மடியில் வைத்துக் கொஞ்சலாம். பயப்பட வேண்டியது டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணிக்கு. அது பூனையின் மலத்தில் வெளியே வந்தாலும் தொற்றும் நிலைக்கு வர 1 முதல் 5 நாள் ஆகும். கழிவுத் தட்டைத் தினமும் சுத்தம் செய்யச் சொல்வது இதனால்தான். அதை உங்கள் கணவர் செய்யட்டும். வீட்டுக்குள்ளேயே வளரும் பூனையைவிட, சரியாக வேகாத இறைச்சியிலிருந்தும் கையுறை இல்லாமல் தோட்ட மண்ணைக் கிளறுவதிலிருந்தும் இது வர வாய்ப்பு அதிகம்.

நீங்கள் கேட்காத மூன்று விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஸ்ப்ரேயைவிட இவை எனக்கு முக்கியமாகப் படுகின்றன. வீட்டுக்குள் யாராவது சிகரெட் பிடிக்கிறார்களா? அடுத்தவர் விடும் புகையால்கூடக் குழந்தையின் எடை குறையலாம். பால்கனிக்குப் போனாலும் போதாது, கதவு வழியாகப் புகை வரும். அடுத்தது, கேஸில் ஓடும் வாட்டர் ஹீட்டரோ ரூம் ஹீட்டரோ இருந்தால் அதைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். பழுதானால் கார்பன் மோனாக்சைடு வரும். நிறமும் வாசனையும் இல்லாத வாயு. தாயைவிடக் குழந்தையை அதிகம் பாதிக்கும். தலைவலி, குமட்டல், மயக்கம் என்று வருவதால் கர்ப்பிணிகள் மசக்கை என்றே நினைத்துவிடுவார்கள். வீட்டில் மற்றவர்களுக்கும் தலை வலித்தால், வெளியே போனதும் சரியானால், உடனே எல்லாரும் வெளியே வந்து உதவிக்குக் கூப்பிடுங்கள். அப்புறம் மாத்திரை டப்பா. இபுபுரூஃபென் போன்ற வலி மாத்திரைகளை டாக்டர் சொல்லாமல் போடக் கூடாது, குறிப்பாக 20 வாரத்துக்குப் பிறகு. முகப்பருவுக்கு எழுதிக் கொடுத்த ஐசோட்ரெட்டினாயின் மிச்சம் இருந்தால் அதைத் தொடவே கூடாது. அது கருவில் கடுமையான குறைபாடுகளை உண்டாக்குவது உறுதியாகத் தெரிந்த மருந்து.

சரி, ராத்திரித் தேடலுக்கு வருகிறேன். போனில் ‘இது கர்ப்பத்துக்கு ஆபத்தா’ என்று கேட்டால் எதற்கும் ஆமாம் என்று ஒரு பக்கம் கிடைக்கும். எவ்வளவு அளவு, எத்தனை நாள் என்று பெரும்பாலும் சொல்லாது. எந்தத் தவறும் செய்யாத பெற்றோருக்கும் 100 குழந்தைகளில் ஏறக்குறைய 3 பேர் ஏதோ ஒரு பிறவிக் குறைபாட்டோடு பிறக்கிறார்கள் என்பதையும், அதில் பெரும்பாலானவற்றுக்குக் காரணமே கண்டுபிடிக்க முடிவதில்லை என்பதையும் அது சொல்லாது. இதைப் பயமுறுத்த எழுதவில்லை. எல்லாவற்றையும் உங்கள் கையில் இருப்பதாக நினைத்துப் பழியைச் சுமக்காதீர்கள் என்பதற்காக எழுதுகிறேன்.

‘கவலைப்படாதே, கவலைப்பட்டால் குழந்தைக்கு ஆகாது’ என்று உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். எனக்குப் பிடிக்காத புத்திமதி அது. இருக்கிற பட்டியலில் இன்னொரு பயத்தைச் சேர்ப்பதைத் தவிர அதனால் என்ன லாபம்? கவலை வரத்தான் செய்யும். ஆனால் தினமும் மணிக்கணக்கில் அதே நினைப்பு, தூக்கம் இல்லை, திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டே இருக்கிறீர்கள் என்றால், வாந்தியைச் சொல்வதுபோல இதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். கர்ப்ப காலத்தில் பலருக்கு வருவதுதான். பேச்சு வழிச் சிகிச்சையே பலருக்குப் போதுமானதாக இருக்கிறது. தேவைப்பட்டால் இந்தக் காலத்தில் கொடுக்கக்கூடிய மருந்துகளும் உண்டு.

உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை. சார், உங்கள் மனைவி எழுதியதில் பாதிக்கு மேல் பயப்பட வேண்டியதில்லைதான். ஆனால் மனப்பிரமை என்று நீங்கள் ஒதுக்கியதில் அந்தச் சுவரும் இருந்தது. பூனைத் தட்டும் பாத்ரூமும் இனி உங்கள் வேலை. அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது நீங்களும் கூடப் போங்கள். கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள், பெயின்டை முதலில் எழுதுங்கள். உள்ளே போய் உட்கார்ந்ததும் பாதி மறந்துவிடும்.