லிவோனிய இலக்கணம்: சில கேள்விகள், சில பதில்கள்

கேள்வி: லிவோனியம் என்ற பெயரையே இப்போதுதான் கேள்விப்படுகிறேன். எந்த ஊர் மொழி இது? இன்றும் பேசுகிறார்களா?

பதில்: லாட்வியாவின் வடமேற்கு மூலையில், கோல்கா முனையை ஒட்டிய கூர்லாந்துக் கடற்கரை மீனவர்களின் மொழி. சுற்றிலும் பேசப்படும் லாட்வியத்துக்கும் இதற்கும் குடும்ப உறவு இல்லை. இதன் உறவினர்கள் ஃபின்னிஷும் எஸ்டோனியமும். மூன்று என்பதற்கு ஃபின்னிஷில் ‘கோல்மெ’, எஸ்டோனியத்தில் ‘கோல்ம்’, லிவோனியத்தில் ‘குவொல்ம்’. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்தக் கரை சோவியத் எல்லைக் காவல் பகுதியானது. மீன்பிடிப்பு முடங்கியது, ஊர்கள் காலியாயின. பழைய தலைமுறையில் இதைத் தாய்மொழியாகக் கொண்ட கடைசி நபராகக் கருதப்படும் கிரிசெல்டா கிறிஸ்டினா 2013இல் கனடாவில் தமது 103ஆம் வயதில் காலமானார். இன்று பேசுகிறவர்களில் பெரும்பாலோர் படித்துக் கற்றவர்கள்.

கேள்வி: ஃபின்னிஷுக்குப் பதினைந்து வேற்றுமைகள் என்று படித்ததும் தலை சுற்றியது. இதற்கும் அப்படித்தானா ஐயா?

பதில்: பயப்பட வேண்டாம். அன்றாடப் புழக்கத்தில் இருப்பவை எட்டு. (நம் எட்டோடு எண்ணிக்கை ஒத்துப்போவது வெறும் தற்செயல்.) ‘ராந்த’ என்றால் கரை, ‘ராந்தஸ்’ கரையில், ‘ராந்தஸ்ட்’ கரையிலிருந்து. ஃபின்னிஷில் ‘உள்ளே’ என்பதற்கு ஒரு வரிசை, ‘மேலே’ என்பதற்கு இன்னொரு வரிசை என உருபுகள் உண்டு. லிவோனியத்தில் இரண்டாவது வரிசை சில சொற்களில் மட்டும் எச்சமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்னொரு சிக்கனம்: ‘கத்தியால்’, ‘அப்பாவோடு’, ‘ஆசிரியராக’ என நாம் மூன்று உருபுகளால் சொல்வதை அங்கே ‘க்ஸ்’ என்று முடியும் ஒரே வேற்றுமை பார்த்துக்கொள்கிறது. எது எந்தப் பொருள் என்பதை வாக்கியச் சூழல்தான் காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: ‘எனக்கு மகன் இருக்கிறான்’ என்பதை அவர்கள் எப்படிச் சொல்வார்கள்?

பதில்: இந்த இலக்கணத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். லிவோனியத்தில் ‘மின்னுன் உம் பூக’. எனக்கு, இருக்கிறான், மகன். ஃபின்னிஷில் ‘மினுல்லா ஓன் போய்கா’ என்பார்கள். அங்கே ‘எனக்கு’ இல்லை, ‘என்மேல்’ என்னும் உருபு வருகிறது. லாட்வியத்தில் ‘மன் இர் தேல்ஸ்’, அதாவது ‘எனக்கு’. மூன்றையும் அருகருகே வைத்துப் பாருங்கள். மகனைக் குறிக்கும் சொல்லில் லிவோனியம் ஃபின்னிஷின் பக்கம். வாக்கியத்தின் கட்டமைப்பில் லாட்வியத்தின் பக்கம். நெருங்கிய உறவு மொழிகளில் காணாத நான்காம் வேற்றுமை இதற்குத் தனியாக வாய்த்ததற்கு, பல நூற்றாண்டுகள் லாட்வியர்களோடு ஒட்டி வாழ்ந்ததே காரணம் என்பது பரவலான கருத்து.

கேள்வி: அப்படியானால் லாட்வியத்தால் கெட்டுப்போன ஃபின்னிஷ் என்று சொல்லிவிடலாமே?

பதில்: சொல்லக் கூடாது. கெட்டுப்போவதற்கு மொழி என்ன பாலா? லாட்வியத்திலிருந்து வினைகளின் முன் ஒட்டும் ‘அப்’, ‘அட்’, ‘பியெ’, ‘சா’ போன்ற முன்னொட்டுகளை லிவோனியம் எடுத்துக்கொண்டது உண்மை. கொடுத்ததும் உண்டு. லாட்வியச் சொற்களில் அழுத்தம் முதல் அசையில் விழுவதற்கு லிவோனியர் போன்ற ஃபின்னிக் (ஃபின்னிஷுக்கு நெருங்கிய மொழிகள் பேசும்) மக்களின் தாக்கமே காரணம் என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். லிவோனியத்தில் ஆண்பால், பெண்பால் வேறுபாடே கிடையாது; ‘அவன்’, ‘அவள்’ இரண்டுக்கும் ‘தா’தான். லிவோனியர் வாழ்ந்த பகுதிகளின் லாட்வியப் பேச்சு வழக்கிலும் பெண்பால் ஈறுகள் தேய்ந்து ஆண்பாலோடு கலந்துவிட்டன.

கேள்வி: எதிர்மறை எப்படி? நம் ‘இல்லை’ போல ஒரு சொல் போதுமா?

பதில்: ‘இல்லை’யைவிட ‘மாட்டேன், மாட்டாய், மாட்டான்’ நெருக்கமான உதாரணம். எதிர்மறைக்கே தனி வினை உண்டு, அது இடத்துக்கேற்ப மாறும்: தன்மை ஒருமைக்கு ‘எப்’, முன்னிலைக்கு ‘எட்’, படர்க்கைக்கு மறுபடி ‘எப்’. இறந்த காலத்தில் ‘இஸ்’, ‘இஸ்ட்’, ‘இஸ்’. காலத்தையும் அந்தச் சிறு சொல்லே சுமக்கிறது. ஃபின்னிஷில் எதிர்மறை வினை இடத்தை மட்டும் காட்டும்; காலத்தை முதன்மை வினையிடம் விட்டுவிடும்.

கேள்வி: தன்மைக்கும் படர்க்கைக்கும் ஒரே ‘எப்’பா? அச்சுப் பிழையோ என்று நினைத்தேன்.

பதில்: பிழை இல்லை. உடன்பாட்டிலும் அப்படித்தான்: ‘மா யெலாப்’ நான் வாழ்கிறேன், ‘சா யெலாட்’ நீ வாழ்கிறாய், ‘தா யெலாப்’ அவன் அல்லது அவள் வாழ்கிறாள். ஆகவே எழுவாயை விழுங்கிவிட்டால் ஆள் யாரென்று தெரியாது. ‘வாழ்கிறேன்’ என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடும் நமக்கு ஆரம்பத்தில் கை தடுமாறும்.

கேள்வி: உச்சரிப்பில் ‘முறிவுத் தொனி’ என்கிறார்களே, அது என்ன?

பதில்: அசையின் நடுவே தொண்டை ஒரு கணம் இறுகி விடுபடுவது. அந்த இறுக்கம் இருக்கிறதா, இல்லையா என்பதால் மட்டுமே சில சொற்கள் வேறுபடும். டென்மார்க் அறிஞர் வில்ஹெல்ம் தாம்சன் 1890இல் இதை எடுத்துக்காட்டினார். டேனிஷ் மொழியிலும் இதே போன்ற இறுக்கம் உண்டு. அவர் காதுக்கு அது பழக்கப்பட்டது. சாதாரண எழுத்தில் இதற்குக் குறி இல்லை என்பதால் புத்தகத்தை மட்டும் வைத்துப் படிப்பவருக்கு இது பிடிபடாது.

கேள்வி: வதந்திக்கென்றே ஒரு வினை வடிவம் இருக்கிறதாமே?

பதில்: உங்கள் கேள்வியிலேயே அது இருக்கிறது! ‘இருக்கிறதாமே’யில் வரும் ‘ஆம்’ செய்யும் வேலையை, வினையோடு சேரும் ‘யி’ என்னும் ஈறு செய்கிறது. நான் பார்க்கவில்லை, பிறர் சொல்லக் கேட்டேன் என்று பொருள். எஸ்டோனியத்திலும் லாட்வியத்திலும் இதே பணிக்கு வேறு ஈறுகள் உண்டு. ஃபின்னிஷில் இப்படி ஒரு வினை வடிவம் இல்லை.

கேள்வி: இவ்வளவு ஒற்றுமை இருக்கும்போது இது தமிழின் தங்கை மொழி என்று ஏன் தயங்காமல் சொல்லக் கூடாது?

பதில்: ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுகிறார். கால்டுவெல் 1856இல் திராவிட மொழிகளை ஃபின்னிஷ் உள்ளிட்ட ‘சிதிய’க் கூட்டத்தோடு சேர்க்க முயன்றது உண்மை. இன்று அந்தக் கருத்து ஏற்கப்படவில்லை. சொல்லின் பின்னால் ஒட்டிக்கொள்ளும் ஒட்டுநிலை உருபுகளும் ‘எனக்கு இருக்கிறது’ என்னும் அமைப்பும் உலகில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல மொழிகளில் உள்ளன. உறவை நிறுவ ஒழுங்கான ஒலி மாற்றங்களைக் காட்ட வேண்டும். ‘குவொல்ம்’ எங்கே, ‘மூன்று’ எங்கே!

கேள்வி: கற்க ஆசை. எங்கே தொடங்கலாம்?

பதில்: முதலில் கொஞ்சம் எஸ்டோனியம் படியுங்கள், பாதி வேலை முடியும். வீட்சோவும் எர்ன்ஷ்ட்ரெயிட்ஸும் 2012இல் வெளியிட்ட அகராதி லிவோனியச் சொற்களுக்கு எஸ்டோனியத்திலும் லாட்வியத்திலும் பொருள் தருகிறது. ஜெர்மன் தெரிந்தால் லவுரி கெத்துனெனின் 1938ஆம் ஆண்டு அகராதியைப் பாருங்கள். அதன் முன்பகுதியே ஒரு முழு இலக்கணம். லாட்வியப் பல்கலைக்கழகத்தில் 2018 முதல் லிவோனிய நிறுவனம் இயங்குகிறது. புதிய பாடங்களுக்கு அதன் இணையதளத்தைப் பார்த்து வாருங்கள்.