குளித்த தண்ணீர் கடைக் கழிப்பறைக்குப் போகட்டும்

கேள்வி: பழைய குடியிருப்பை இடித்துவிட்டு, கீழே கடைகளும் ஒரு உணவகமும், நடுவில் அலுவலகங்கள், மேலே வீடுகள் என்று கட்டப்போகிறோம். தண்ணீருக்காக ஒதுக்கிய பணம் குறைவு. மழைநீர்த் தொட்டி மட்டும் கட்டினால் போதுமா?

பதில்: போதாது. தொட்டியைப் பிறகுகூடக் கட்டலாம். சுவருக்குள் போகும் குழாய்களை அப்படித் தள்ளிப்போட முடியாது. அதனால் பணத்தை முதலில் குழாயில் போடுங்கள். குளியலறை, வாஷ்பேசின், வாஷிங் மெஷின் தண்ணீருக்கு ஒரு வடிகால், கழிப்பறைக்கும் சமையலறைக்கும் இன்னொன்று. ஃப்ளஷ் தொட்டிகளுக்குக் குடிநீரோடு சேராத தனி லைன். உணவகக் கழிவுநீரில் எண்ணெய்ப் பிசுக்கு அதிகம் என்பதால், எண்ணெயைப் பிரிக்கும் தொட்டி வழியாக அதைத் தனியே வெளியேற்றுங்கள்.

வீடும் கடையும் ஒரே கட்டடத்தில் இருப்பதே உங்களுக்கு லாபம். வீடுகளில் காலையிலும் இரவிலும் குளியல் நீர் நிறைய வரும். கடைகளிலும் அலுவலகங்களிலும் குளிப்பவர்கள் இல்லை, ஆனால் பகல் முழுக்க ஃப்ளஷ் ஓடும். மேலே மிஞ்சுவது கீழே தேவைப்படுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 600 சதுர மீட்டர் மொட்டை மாடியில் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் 12,000 லிட்டர் விழும். வீணாவது போக சுமார் 10,000 தேறும். 100 பேர் ஆளுக்கு ஐந்து முறை, 4 லிட்டர் வீதம் ஃப்ளஷ் செய்தால் நாளுக்கு 2,000 லிட்டர். அந்த மழை ஐந்து நாளைக்கு வரும், அப்புறம்? அதே 100 பேர் 40 லிட்டரில் குளித்தாலே தினமும் 4,000 லிட்டர் கிடைக்கிறது. அதனால்தான் குளியல் நீருக்கு முதலிடம், மழைநீர் துணைக்கு என்கிறேன். மழையை வைத்தும் பெரிதாகச் செய்யலாம்தான். பெர்லினில் கடை, அலுவலகம், வீடு கலந்து மீண்டும் கட்டப்பட்ட போட்ஸ்டாமர் பிளாட்ஸ் என்ற பகுதியில் கூரைத் தண்ணீர் கழிப்பறைகளுக்கும் செயற்கை ஏரிக்கும் போகிறது. ஆனால் அதற்கு நிலத்தடியில் பெரிய தொட்டிகள் தேவைப்பட்டன.

குளியல் நீரைச் சுத்திகரிக்காமல் ஒரு நாளுக்கு மேல் தேக்காதீர்கள், நாறிவிடும். வடிகட்டி, உயிரியல் முறையில் சுத்திகரித்து, கிருமி நீக்கிய பிறகே ஃப்ளஷுக்கு விட வேண்டும். சுத்திகரித்த நீரைச் சேர்க்கும் தொட்டி காலியானால் நல்ல தண்ணீரை மேலிருந்து, காற்று இடைவெளி விட்டு, அதாவது குழாய் முனை தொட்டித் தண்ணீரைத் தொடாதபடி விழச் செய்யுங்கள். வால்வு போட்டு நேரடியாக இணைக்கவே கூடாது.

குடியேறுவதற்கு முன் ஒரு சோதனை கட்டாயம். குடிநீர் லைனை மூடி, அதிலுள்ள தண்ணீரை வடித்துவிட்டு, ஃப்ளஷ் லைனில் மட்டும் அழுத்தம் கொடுங்கள். பிறகு ஒவ்வொரு வீட்டிலும் கடையிலும் எல்லாக் குழாயையும் திறந்து பாருங்கள். எதிலாவது தண்ணீர் தொடர்ந்து வந்தால் எங்கோ லைன் மாறியிருக்கிறது. இதை பிளம்பரின் வாய்வார்த்தைக்கு விடாதீர்கள். குழந்தைகள் குடிக்கும் தண்ணீர்.

பழைய மனையில் முன்பு பட்டறையோ எரிபொருள் கிடங்கோ இருந்ததா என்று விசாரியுங்கள். இருந்திருந்தால் மண்ணைப் பரிசோதிக்காமல் மழைநீரை உள்ளே இறக்க வேண்டாம்; மண்ணில் தங்கிய நஞ்சு நிலத்தடி நீருக்குப் போய்விடும்.

கடைசியாக, உணவகத்துக்கும் ஒவ்வொரு கடைக்கும் வீட்டுக்கும் தனி மீட்டர் வையுங்கள். சுத்திகரிப்பு இயந்திரத்தை யார் பராமரிப்பது, செலவு எப்படிப் பிரியும் என்பதை வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். கடைக்காரர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள்.