எத்தனை மணிக்கு என்று கேட்கவில்லை

அன்புள்ள ஐயா,

மும்பையை அடுத்த டோம்பிவிலியிலிருந்து எழுதுகிறேன். இருபத்திரண்டு ஆண்டுகளாகக் காலை எட்டேகால் மணி விரைவு ரயிலில் மும்பையின் கடைசி நிலையமான சி.எஸ்.எம்.டி. வரை போய்வருபவன். எங்கள் பெட்டியில் ஒரு கூட்டம் உண்டு. தமிழர் ஏழு பேர், மற்றவர்கள் மராட்டியர், குஜராத்தியர், ஒரு மலையாளி. சீட்டு விளையாடுவோம், தசராவுக்குப் பெட்டிக்கு மாலை போடுவோம். 2020 மார்ச்சில் ரயில் நின்றதும் அந்தக் கூட்டம் வாட்ஸ்அப் குழுவாயிற்று. பிறகு பலருக்கு அலுவலகம் வாரத்தில் இரண்டு நாள் என்றாகிவிட்டதால் அப்படியே நிலைத்தும்விட்டது. முப்பத்தொரு பேர் இருக்கிறோம்.

போன மாதம் கல்யாணில் இருக்கும் எங்கள் நண்பர் ஒருவரின் தாயார் காலமானார். காலையில் அவரே குழுவில் தெரிவித்தார். பத்து நிமிடத்தில் இருபத்தாறு கும்பிடும் கைகள் வந்தன. என்னுடையதும் அதில் ஒன்று. பதினோராவது நிமிடம் ஒருவர் முந்தின நாள் கிரிக்கெட் ஆட்டத்தைப் பற்றி எழுதினார். நானும் அதற்குப் பதில் எழுதினேன். மூன்று வாரம் கழித்து அந்தக் கல்யாண் நண்பரைத் தாதர் நிலையத்தில் பார்த்தேன். கோபமே இல்லாமல் சொன்னார்: "எல்லோரும் கை கூப்பினீர்கள். அம்மா எத்தனை மணிக்குப் போனாள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை."

ஒவ்வோர் ஆகஸ்டிலும் நண்பர்கள் தினத்தன்று கோப்பெருஞ்சோழன், பிசிராந்தையார் கதையை எங்கள் குழுவில் நாலு பேராவது அனுப்புகிறார்கள். பார்க்காமலே நட்புக் கொண்டவர்களின் வழிவந்தவர்கள் இப்படி மரத்துப்போனது எப்படி? குழுவைவிட்டு வெளியேறிவிடலாமா என்று தோன்றுகிறது.

ஆர்., டோம்பிவிலி

*

அன்புள்ள ஆர்.,

வெளியேற வேண்டாம். இப்போதெல்லாம் குழுவைவிட்டுப் போனால் நிர்வாகிக்கு மட்டும்தான் அறிவிப்புப் போகிறது. உங்கள் கோபம் முப்பது பேரில் ஒருவரை எட்டும், அவரும் கை கூப்பிவிடுவார்.

உங்கள் நண்பர் சொன்னதை இரண்டு நாளாக மனத்தில் வைத்துக்கொண்டிருக்கிறேன். ஏன் போனாள் என்றோ, உனக்கு எப்படி இருக்கிறது என்றோ கேட்கவில்லை என்று அவர் குறைப்படவில்லை. எத்தனை மணிக்கு என்று கேட்கவில்லை என்கிறார். துக்க வீட்டுப் பழக்கம் தெரிந்தவர் அவர்.

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் 'துட்டி கேட்பது' என்போம். மதுரை, இராமநாதபுரம் பக்கம் 'கேதம் கேட்பது' என்பார்கள். பொதுவில் 'துக்கம் விசாரிப்பது'. மூன்றிலும் வினைச்சொல்லைக் கவனியுங்கள். அங்கே போய் ஆறுதல் சொல்ல வேண்டும் என்று நாம் பதறுகிறோம். மொழி நம்மிடம் எதிர்பார்த்ததோ கேட்பதை மட்டும்தான்.

தாராவியில் நான் வளர்ந்த சந்தில் பாதிப் பேர் எங்கள் ஊர்ப்பக்கம். சாவு விழுந்தால் அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு போவாள். போனதும் கட்டிக்கொண்டு அழுவாள். அழுகை ஓய்ந்ததும் தொடங்கிவிடுவாள். ராத்திரி சாப்பிட்டாரா? என்ன சாப்பிட்டார்? பக்கத்தில் யார் இருந்தது? தண்ணீர் கேட்டாரா? ஊரில் தங்கைக்குச் சொல்லியாயிற்றா? பத்து வயதில் எனக்கு இது வம்பாகப் பட்டது. ஏற்கெனவே பத்துப் பேரிடம் சொல்லி அழுதவளைப் பதினோராவது முறையும் சொல்லவைக்கிறார்களே என்று எரிச்சலாக இருக்கும். ஆனால் அந்தப் பெண் சொல்வாள். "அரை இட்லி தின்றார், போதும் என்றார்" என்று முதல் நாள் சொன்னபோது உடைந்த குரல் மூன்றாம் நாள் அதே இடத்தில் சற்றுத் தேங்கும், அவ்வளவுதான். பதினாறாம் நாளுக்குள் அழாமல் சொல்லக்கூடிய கதையாக அது ஆகியிருக்கும். பத்துப் பேர் கேட்டதால்தான் ஆனது. கிளம்பும்போது அம்மா "போய் வருகிறேன்" என்று சொல்லமாட்டாள், பேசாமல் எழுந்து வந்துவிடுவாள். அந்த வீட்டில் விடைபெறுவதற்குக்கூட வாய் திறக்க வேண்டியதில்லை.

இனி உங்கள் இருபத்தாறு கைகளுக்கு வருகிறேன். அந்தப் பொம்மை ஜப்பானியக் கைப்பேசிகளிலிருந்து வந்தது. அங்கே அது பெரும்பாலும் 'தயவுசெய்து', 'நன்றி' என்பதற்கான கை. நாம் அதையே காலை வணக்கத்துக்கும், பெருமாள் படத்துக்கும், வாங்கிய கடனைத் திருப்பித் தராததற்கும், மரணத்துக்கும் வைத்துக்கொண்டோம். 2022 மே மாதம் வாட்ஸ்அப் ஒரு வசதி செய்தது. வந்த செய்தியை அழுத்திப் பிடித்தால் ஆறு பொம்மைகள் எழும், ஒன்றைத் தொட்டால் போதும். கட்டைவிரல், இதயம், சிரிப்பு, வியப்பு, அழுகை, கூப்பிய கை. அதன்பின் தட்டச்சு செய்யும் சிரமமும் இல்லாமல் போயிற்று.

ஆனால் இந்த இயந்திரத்தனம் இப்போதுதான் பிறந்தது என்று நான் சொல்லமாட்டேன். தந்தி அலுவலகத்தில் வாழ்த்து வாசகங்களுக்கு எண் போட்டுப் பட்டியல் தொங்கும். எண்ணை எழுதிக் கொடுத்தால் அங்கே முழு வாக்கியமாகப் போய் இறங்கும். கல்யாணம், தீபாவளி, தேர்வில் வெற்றி எல்லாம் எண்தான். 2013 ஜூலையில் தந்தியை நிறுத்தியபோது கண்ணீர் விட்டவர்களில் பலர் அந்த எண்களைத்தான் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். தந்தி கொடுத்தவர் அதோடு நிறுத்தவில்லை, பிறகு வந்தார், அல்லது இன்லண்டு கடிதத்தில் எழுதிக் கேட்டார். பொம்மையைப் போட்டவருக்கோ வேலை முடிந்துவிட்டது. உங்களுக்கும் முடிந்துவிட்டதால்தான் கிரிக்கெட்டுக்குப் போக முடிந்தது. நீங்கள் கல்நெஞ்சர் என்பதால் போகவில்லை.

நான் செய்தது இதைவிட மோசம். சில ஆண்டுகளுக்குமுன் என் நெடுநாள் நண்பர் ஒருவர் இறந்தார். அன்றிரவே உட்கார்ந்து நீண்ட அஞ்சலி எழுதி வெளியிட்டேன். நன்றாகவே வந்திருந்தது. நூற்றுக்கணக்கானோர் பகிர்ந்தார்கள், எனக்கு ஆறுதல் சொன்னார்கள், நானும் ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். செம்பூரில் இருந்த அவர் வீட்டுக்கு நான் போகவில்லை. ஓராண்டு கழித்து ஒரு திருமணத்தில் அவருடைய மகளைப் பார்த்தேன். "நீங்கள் எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், அங்கிள். கடைசி நாளைப் பற்றி உங்களிடம் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தாள்" என்றாள். சொல்லிக்கொண்டிருந்தாள் என்ற அந்த இறந்தகாலம் இன்றும் என் காதில் இருக்கிறது.

எனவே திரையை நான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றமாட்டேன். எதிர்ச்சாட்சியும் என்னிடமே இருக்கிறது. 2021 ஏப்ரலில் என் தம்பி கோவிட் வார்டில் கிடந்தான். யாரும் யாரையும் போய்ப் பார்க்க முடியாத நாட்கள். என் எழுத்தைப் படித்து அறிமுகமான ஒருவர் ஒவ்வோர் இரவும் ஒன்பது மணிக்கு ஒரே கேள்வியை அனுப்புவார்: "ஆக்சிஜன் எவ்வளவு?" 88 என்று அனுப்புவேன். மறுநாள் 91. அதற்கு மறுநாள் 87. அவர் ஆறுதலாக எதுவும் சொல்லமாட்டார், "சரி, நாளைக்குக் கேட்கிறேன்" என்பார். கேட்பார். பதினெட்டு நாள். எட்டரை மணி ஆனால் அந்த எண்ணை வார்டிலிருந்து கேட்டு வாங்கி வைத்துக்கொண்டு காத்திருக்கத் தொடங்கிவிட்டேன். அந்த மனிதரை இன்றுவரை நேரில் பார்த்ததில்லை. எங்கள் அம்மா வாசற்படியில் உட்கார்ந்து கேட்டதைத்தான் அவரும் கேட்டார், கையில் இருந்தது கைப்பேசி என்பதைத் தவிர.

பிசிராந்தையாரைப் பற்றி. அந்தக் கதையை அனுப்புகிறவர்கள் முன்பாதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள், அது நமக்கு வசதியாக இருக்கிறது. பின்பாதியில் சோழன் தன் பிள்ளைகளோடு பகைத்து, நொந்து, உண்ணாமல் உயிர்விட வடக்கிருக்கிறான். பாண்டிய நாட்டிலிருந்து அவர் எங்கே வரப்போகிறார் என்று உடனிருந்தவர்கள் ஐயப்படுகிறார்கள். புறநானூற்றின் 216ஆம் பாட்டில் அவன் சொல்வது: "ஒழிக்க அவற்கு இடமே." அவருக்கு இடம் விட்டுவையுங்கள். அவர் வந்தார்.

இந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உங்கள் டோம்பிவிலி ரயில்தான் நினைவுக்கு வருகிறது. மூவர் இருக்கையில் மூட்டைபோல் நெருங்கி நாலாவது ஆளுக்கு விரற்கடை இடம் விடுவீர்கள். காட்கோபர் வந்ததும் உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்றுகொண்டிருந்தவருக்குக் கொடுப்பார். ஓடும் ரயிலில் கைநீட்டி ஏற்றிக்கொள்வீர்கள். இதையெல்லாம் நட்பு என்று யாரும் பெயர் சொல்லிச் செய்ததில்லை. இருபத்திரண்டு ஆண்டு தோளோடு தோள் உரசிய ஒருவரை நீங்கள் மறந்துவிட்டதாக நான் நம்பவில்லை. ரயிலில் அவர் நிற்பது கண்ணுக்குத் தெரிந்தது, உடம்பு தானாக நகர்ந்தது. குழுவில் அவர் நின்றுகொண்டிருந்தது தெரியவில்லை. அங்கே கேட்டால்தான் தெரியும்.

உங்கள் கடிதத்தை மறுபடி படித்தேன். கும்பிடும் கைகளின் கணக்கு இருக்கிறது, கிரிக்கெட் வந்த நிமிடம் இருக்கிறது. அந்த அம்மாள் எத்தனை மணிக்குப் போனார் என்பது இல்லை. தாதரிலும் நீங்கள் கேட்கவில்லை போலும்.

பதினாறு முடிந்த பிறகு போகலாமா என்று தயங்காதீர்கள். அவர் செவ்வாய், வெள்ளி பார்க்கிறவர் என்றால் அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். முன்கூட்டிக் குழுவில் அறிவிக்க வேண்டாம், பத்துப் பேர் கட்டைவிரல் காட்டுவார்கள். கல்யாண் உங்களுக்கு இரண்டாவது நிலையம்தான், நடுவில் தாக்குர்லி. ஞாயிற்றுக்கிழமை என்றால் மட்டும், பராமரிப்புக்காக ரயில்களை நிறுத்திவைக்கும் மெகா பிளாக் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.