கனடா போகிற மகளுக்கு மியூசியத்தில் வேலை கிடைக்குமா?

வணக்கம் ஐயா. எம்.ஏ. கன்சர்வேஷன் (பழம்பொருள்கள் சிதையாமல் பாதுகாக்கும் படிப்பு) படித்து, உலோகச் சிற்பங்களில் வேலை பார்த்த மகள், பி.ஆர். (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) வாங்கி டொராண்டோ போய்க் கடையில் பில் போட வேண்டியதுதானா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் வருடம் அப்படியும் ஆகலாம். அதில் குறைச்சல் ஒன்றுமில்லை. அதோடு நின்றுவிடாமல் இருக்க இப்போதே செய்ய வேண்டியவை உண்டு.

டாக்டர், நர்ஸ் போல இந்தத் தொழிலுக்கு அங்கே லைசென்ஸ் கிடையாது. கன்சர்வேட்டர்களின் சங்கம் தரும் அங்கீகாரமும் கட்டாயமில்லை. ஆகவே ‘இந்தியப் படிப்பு அங்கே செல்லாது’ என்று பயமுறுத்தும் ஏஜென்ட் பேச்சைக் கேட்டு இன்னொரு மாஸ்டர்ஸுக்குப் பணம் கட்டிவிடாதீர்கள். சிக்கலும் இதில்தான் இருக்கிறது: பரீட்சை எழுதி உள்ளே நுழையும் வழி இல்லை. செய்த வேலையைக் காட்டித்தான் நம்ப வைக்க வேண்டும்.

சேகரிப்புக்கும் கண்காட்சிக்கும் பொறுப்பான கியூரேட்டர் பதவியை முதலில் குறிவைக்க வேண்டாம் என்பது என் கருத்து. அதற்கு அந்த ஊர் வரலாறும் மனிதர்களும் பழகியிருக்க வேண்டும். கன்சர்வேட்டர் வேலை அப்படியில்லை: வெண்கலத்தில் குளோரைடு ஏறிப் பச்சைப் பொடி உதிர்வது எழும்பூரிலும் டொராண்டோவிலும் ஒரே வேதியியல்தான். கனடாவின் தொழில் பட்டியலில் கன்சர்வேட்டர், கியூரேட்டர் இரண்டுக்கும் குறியீட்டு எண் 51101. மகள் 53100 என்ற எண்ணில் வரும் வேலைகளையும் தேடட்டும். பொருள் வரவு-போக்கு, இரவல் ஆவணங்கள் பார்க்கும் ரெஜிஸ்ட்ரார், மியூசியம் டெக்னீஷியன் வேலைகள் அதில் வரும். பலர் உள்ளே நுழைவது அந்த வாசல் வழியாகத்தான். வயது 30-க்குள் என்றால், ‘யங் கனடா வொர்க்ஸ்’ என்ற அரசு இளைஞர் வேலைத் திட்டத்தில் பி.ஆர். உள்ளவர்களும் விண்ணப்பிக்கலாம். பெரும்பாலும் சில மாத ஒப்பந்த வேலைதான், சின்ன ஊராகவும் இருக்கலாம். வந்தால் விடக் கூடாது.

நம் பக்கத்தில் வேலை ஒழுங்காக நடக்கும், தாளில் ஏறாது. அங்கே தாள்தான் முதலில் பேசும். மகள் கையாண்ட பொருள்களில் ஏழெட்டைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் நிலை அறிக்கை எழுதட்டும்: வந்தபோது எப்படி இருந்தது, என்ன கரைசல், ஏன் அது, எதைத் தொடாமல் விட்டார், முன்னும் பின்னும் எடுத்த படங்கள். படங்களுக்கு அந்தந்த நிறுவனத்திடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். விமானம் ஏறிய பிறகு அதைக் கேட்டு அலைவது பெரும்பாடு.

இன்னொன்று, இதை யாரும் பயோடேட்டாவில் போடுவதில்லை. பூர்வகுடிகளின் புனிதப் பொருள்களை யார் தொடலாம், எப்படி வைக்கலாம், எப்போது திருப்பித் தரலாம் என்பதுதான் இன்று கனடிய மியூசியங்களில் பெரிய பேச்சு. 2022-ல் கனடிய மியூசியங்களின் சங்கமே இதுபற்றி அறிக்கை வெளியிட்டது. அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்த்து வளர்ந்த பெண்ணுக்குச் சிலை வெறும் உலோகம் இல்லை என்று யாரும் பாடம் எடுக்க வேண்டாம். பூஜையில் இருக்கும் மூர்த்திக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் மூர்த்திக்கும் வேலைமுறை எப்படி மாறுகிறது என்று நேர்காணலில் நிதானமாகச் சொல்லப் பழகட்டும்.

முதல் இரண்டு அறிக்கைகளை எழுதியதும் அனுப்பச் சொல்லுங்கள், திருத்தித் தருகிறேன். அடுத்த முறை மகளே என்னிடம் நேரில் பேசட்டும், ஐயா.