பழைய கெர்னலை அழிக்கலாமா?

கேள்வி: ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எங்களுக்குச் சின்ன காபித் தோட்டம். பறிகூலி, மிளகு விற்ற கணக்கு எல்லாம் உபுண்டு 24.04 போட்ட கம்ப்யூட்டரில்தான் எழுதுகிறேன். போன வாரம் அப்டேட் ஆனது. கெர்னல் 6.11 இருந்த இடத்தில் 6.14 வந்தது, அன்றிலிருந்து யூஎஸ்பி வைஃபை டாங்கிள் வேலை செய்யவில்லை. "பழைய கெர்னலையெல்லாம் அழித்துவிட்டு மறுபடி அப்டேட் போடுங்கள் அத்தை" என்கிறான் அண்ணன் மகன். செய்யலாமா?
- ஒரு வாசகி, ஏற்காடு

பதில்: வேண்டாம் அம்மா. இப்போதைக்கு எதையும் அழிக்காதீர்கள். கெர்னல் என்பது கம்ப்யூட்டரின் உறுப்புகளை இயக்கும் அடிப்படை நிரல். புதிய கெர்னல் வந்தால் பழையது போய்விடாது, அதன் பக்கத்திலேயே இருக்கும். உங்கள் வைஃபையை ஓட்டிய 6.11 இன்னும் டிஸ்கில் இருக்கிறது. அதுதான் இப்போது உங்கள் கையில் இருக்கும் ஒரே நல்ல சாவி.

சேலத்தில் நான் சர்வீஸ் தொடங்கிய புதிதில், அம்மாப்பேட்டையில் ஒரு தறிக்காரர் வீட்டு கம்ப்யூட்டரில் பூட் பகுதி (டிஸ்கில் கெர்னல்கள் இருக்கும் இடம்) நிரம்பிக் கிடந்தது. இடம் பிடிக்கிறதே என்று பழைய கெர்னல்களை அழித்தேன். புதியதற்கான தொடக்கக் கோப்பு இடமில்லாமல் பாதியில் நின்றிருந்ததை நான் பார்க்கவில்லை. ரீஸ்டார்ட் செய்ததும் உபுண்டு இருக்கும் ரூட் பகுதியை ஏற்ற முடியவில்லை என்று திரை உறைந்து நின்றது. திரும்பிப் போக வேறு கெர்னலும் இல்லை. பென்டிரைவில் லைவ் உபுண்டு போட்டு மீட்பதற்குள் இரவாகிவிட்டது. அன்று அவர் முகத்தில் பார்த்த கவலை இன்னும் மறக்கவில்லை. புதியதில் ஒருமுறையாவது ஏறிப் பார்க்காமல் பழையதைத் தொடுவதில்லை, அன்று முதல்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கம்ப்யூட்டரை ஆன் செய்து, கம்பெனி லோகோ வந்து மறையும்போது எஸ்கேப் பட்டனை ஒரே ஒரு முறை தட்டுங்கள். பழைய பயாஸ் கம்ப்யூட்டர் என்றால் ஷிஃப்டை அழுத்திப் பிடியுங்கள். பலமுறை தட்டிவிட்டால் 'க்ரப்' (எந்தக் கெர்னலில் ஏறுவது என்று கேட்கும் நிரல்) என்று வெறும் கறுப்புத் திரை வரும். பயப்படாமல் 'நார்மல்' என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டி, உடனே எஸ்கேப்பை ஒருமுறை தட்டுங்கள், மெனு வரும். அதில் 'அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்' உள்ளே போனால் 6.11 இருக்கும். அதில் ஏறுங்கள். உங்கள் கணக்குக் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது. கெர்னல் மாறினாலும் அவை இருந்த இடத்திலேயே இருக்கும்.

அதில் வைஃபை வந்துவிட்டால் டாங்கிளில் பழுதில்லை என்பது உறுதி. டாங்கிள் வாங்கியபோது யாராவது டிரைவரை (டாங்கிளை இயக்கும் நிரலை)த் தனியாகப் போட்டுக் கொடுத்தார்களா? அப்படியானால் காரணம் பெரும்பாலும் அதுதான். தனியாகப் போட்ட டிரைவர் ஒவ்வொரு கெர்னலுக்கும் புதிதாகக் கம்பைல் ஆக வேண்டும், அதாவது அந்தக் கெர்னலுக்கு ஏற்றபடி மறுபடி உருவாக வேண்டும். கெர்னலின் உள்ளமைப்பு மாறும்போது பழைய டிரைவர் அதற்குப் பொருந்தாமல் போகும். அதற்குத் தேவைப்படும், கெர்னலின் ஹெடர்ஸ் தொகுப்பு இல்லாவிட்டாலும் கம்பைல் நடக்காது.

ஆனால் 6.11-லேயே தங்கிவிடவும் கூடாது. 24.04-இல் 6.14 வந்ததும் 6.11-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. ஆபத்துக்கு ஒதுங்க அது போதும், குடியிருக்கப் போதாது. குடியிருக்க ஏற்றது 24.04 வெளியானபோதே வந்த 6.8. அதற்கு 2029 வரை திருத்தங்கள் வரும். 6.11-இல் இருந்தபடியே டெர்மினலில் 'சுடோ ஆப்ட் இன்ஸ்டால் லினக்ஸ்-ஜெனரிக்' என்ற கட்டளையைக் கொடுத்தால் 6.8 வந்து சேரும். குறிப்பிட்ட பதிப்பின் இமேஜ் தொகுப்பை (கெர்னல் கோப்பு இருக்கும் தொகுப்பை) மட்டும் தனியாக எடுத்துப் போடாதீர்கள். பல வைஃபை, சவுண்டு டிரைவர்கள் 'மாட்யூல்ஸ்-எக்ஸ்ட்ரா' என்ற இன்னொரு தொகுப்பில் இருக்கின்றன. அதை விட்டுவிட்டு, பழைய கெர்னலிலும் வைஃபை இல்லையே என்று குழம்பியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். 'லினக்ஸ்-ஜெனரிக்' என்று கேட்டால் ஹெடர்ஸ் உட்பட எல்லாமே சேர்ந்து வரும்.

பிறகு மெனுவில் 6.8-ஐத் தேர்ந்தெடுத்து இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். திருப்தி என்றால், க்ரப் அமைப்புக் கோப்பில் 'டீஃபால்ட்' என்பதை 'சேவ்டு' என்றும், 'சேவ்டீஃபால்ட்' என்பதை 'ட்ரூ' என்றும் மாற்றி, 'அப்டேட்-க்ரப்' கட்டளை கொடுங்கள். கடைசியாக நீங்கள் தேர்ந்தெடுத்ததிலேயே கம்ப்யூட்டர் ஏறும். 6.8-க்குத் திருத்தம் வரும்போது மட்டும் மெனுவில் புதியதை ஒருமுறை தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். அதே கோப்பில் மெனு ஐந்து விநாடி தெரியும்படியும் வைத்துவிடுங்கள். மலையில் மழை நாளில் கரண்ட் வந்து வந்து போகும்போது எஸ்கேப்புக்குத் தடுமாற வேண்டாம்.

எத்தனை கெர்னல் வைத்துக்கொள்வது? நன்றாக ஓடுகிறது என்று தெரிந்த ஒன்று, புதிதாக வந்த ஒன்று. இரண்டு போதும். 6.8 ஒழுங்காக ஓடிய பிறகு 6.11-ஐ நீக்கிக்கொள்ளலாம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். 6.11-இல் ஏறியதும் 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' என்று கட்டளை கொடுத்து (தனியாகப் போட்ட டிரைவர் எந்தக் கெர்னலுக்குக் கம்பைல் ஆகியிருக்கிறது என்று அது காட்டும்), வரும் வரிகளை அப்படியே எழுதி அனுப்புங்கள். 6.14-இல் அந்த டிரைவர் எங்கே சிக்கியது என்று பார்த்துச் சொல்கிறேன்.