முதல் மேட்ச்லயே சொதப்பி, "இவன் தேற மாட்டான்"னு பேர் வாங்கி, அப்புறம் பெரிய ஆளா வந்த கிரிக்கெட்டர்கள் யாரு? எப்படித் திரும்பி வந்தாங்க?

தோனி கதை நம்ம ஊர்ல சின்னப் பசங்களுக்கே அத்துப்படி. 2004 டிசம்பர், சிட்டகாங், சந்திச்ச முதல் பால்லயே ரன் அவுட், அடுத்த மூணு இன்னிங்ஸ் 12, 7, 3, அப்புறம் விசாகப்பட்டினத்துல பாகிஸ்தான் மேல 148. அதனால தலயை விட்டுட்டு, அதிகம் பேசப்படாத சில பேரைச் சொல்றேன். கேள்வியோட ரெண்டாவது பாதி, அதாவது எப்படித் திரும்பி வந்தாங்கங்கறது, எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், அதனால பதில் கொஞ்சம் நீளும்.

முதல்ல இலங்கையோட மார்வன் அட்டப்பட்டு. 1990 நவம்பர்ல சண்டிகர் செக்டர் 16 ஸ்டேடியத்துல, தன்னோட 20வது பொறந்தநாளுக்கு மறுநாள் முதல் டெஸ்ட் ஆட இறங்குறார். 0, 0. அந்த மேட்ச்ல நம்ம வெங்கடபதி ராஜு 12 ரன் குடுத்து 6 விக்கெட் எடுத்தாரு, மொத்த டீமும் 82க்கு ஆல் அவுட், அதுல ஒரு சின்னப் பையன் ரெண்டு தடவை டக் ஆனது பெரிய விஷயமே இல்ல. ஆனா அடுத்த சான்ஸ் வர்றதுக்கு 1992 ஆகஸ்ட் ஆயிடுச்சு. கொழும்பு எஸ்.எஸ்.சி. கிரவுண்ட், ஆஸ்திரேலியாவுக்கு எதிரா, 0, 1. திரும்ப வெளிய. 1994ல அகமதாபாத், 0, 0. ஆக மூணு டெஸ்ட், ஆறு இன்னிங்ஸ், மொத்தமா 1 ரன். இப்படி ஒருத்தர நாலாவது தடவை யாரு கூப்பிடுவாங்க சொல்லுங்க? அவர் ஊர்ல போய் உள்ளூர் கிரிக்கெட்ல ரன் அடிச்சுக்கிட்டே இருந்தார், 1997ல கூப்பிட்டாங்க, அந்த வருஷக் கடைசிலயே முதல் செஞ்சுரி, 108, எங்க தெரியுமா, மொஹாலில, ரெண்டு டக் வாங்குன சண்டிகருக்குப் பக்கத்துலயே. முடிக்கும்போது 90 டெஸ்ட், 5502 ரன், 16 செஞ்சுரி, அதுல 6 டபுள் செஞ்சுரி. ஆறு டபுள் செஞ்சுரி அடிக்கறவனுக்கு வேணும்ங்கற பொறுமை இந்த மனுஷனுக்கு வேற எங்கயும் போய்க் கத்துக்க வேண்டிய அவசியமே இல்லைன்னு நான் நினைக்கறேன்.

இப்ப அந்த 1992 கொழும்பு மேட்ச்சுக்குத் திரும்ப வாங்க. ஏன்னா அதே மேட்ச்ல எதிர் டீம்ல இன்னொரு "தேறாத" ஆள் இருந்தார், ஷேன் வார்ன். அந்த வருஷம் ஜனவரில சிட்னில நம்ம ஆளுங்களுக்கு எதிராத்தான் அவரோட முதல் டெஸ்ட், ரவி சாஸ்திரி 206, சச்சின் 148 நாட் அவுட், வார்ன் 45 ஓவர் போட்டு 150 ரன் குடுத்து ஒரே ஒரு விக்கெட், அதுவும் இரட்டைச் சதம் அடிச்சு முடிச்ச சாஸ்திரி. அடுத்து அடிலெய்ட்ல 78 ரன், விக்கெட் கிடையாது. கொழும்புல முதல் இன்னிங்ஸ்ல 107 ரன், விக்கெட் கிடையாது. கூட்டிப் பாருங்க, 335 ரன்னுக்கு 1 விக்கெட்.

கடைசி இன்னிங்ஸ்ல இலங்கைக்கு 181 எடுத்தா ஜெயம், 127க்கு 2 விக்கெட்தான் போயிருக்கு, ஜெயிச்ச மாதிரிதான். அங்கேருந்து சரசரன்னு விக்கெட் விழுது, அட்டப்பட்டு அந்த 1 ரன்ன எடுத்துட்டு அவுட் ஆனது இந்தச் சரிவுலதான். அப்ப கேப்டன் ஆலன் பார்டர், மேட்ச் யாரு பக்கம்னு தெரியாத நேரத்துல, 335 ரன்னுக்கு ஒரு விக்கெட் எடுத்தவன் கையில பாலைக் குடுக்கறார். வார்ன் கடைசி மூணு விக்கெட்டையும் எடுத்தார், 11 ரன்னுக்கு 3, இலங்கை 164 ஆல் அவுட், ஆஸ்திரேலியா 16 ரன்ல ஜெயிச்சது. நாலே மாசத்துல மெல்போர்ன்ல வெஸ்ட் இண்டீஸ் 7 விக்கெட்டை 52 ரன்னுக்குப் பறிகொடுக்குது இவர்கிட்ட. மொத்தம் 708 டெஸ்ட் விக்கெட். சிட்னிக்கும் கொழும்புக்கும் நடுவுல அவர் சும்மா இல்ல, அடிலெய்ட்ல டெர்ரி ஜென்னர்ங்கற பழைய லெக் ஸ்பின்னர்கிட்ட போய் உட்கார்ந்து வேலை பார்த்தார், உடம்பையும் குறைச்சார். ஆனாலும் பார்டர் அந்த ஓவரைக் குடுக்கலன்னா என்ன ஆகியிருக்கும்ங்கற கேள்வி எனக்கு இன்னிக்கும் உண்டு.

நான் திருவல்லிக்கேணிக்காரன், சேப்பாக்கம் நடந்து போற தூரம்தான். அதனால சேப்பாக்கத்துல பெரிய சாதனை பண்ணவங்க முதல் மேட்ச்ல என்ன பண்ணாங்கன்னு தேடிப் பாக்கறது எனக்கு ஒரு பழக்கமாவே ஆயிடுச்சு. 1997 மே மாசம் பாகிஸ்தான் ஓப்பனர் சயீத் அன்வர் இங்க அடிச்ச 194ஐ ஸ்டாண்ட்ல உட்கார்ந்து பார்த்தேன். அந்த அக்னி வெயில்ல மனுஷனுக்கு ஓட முடியல, அஃப்ரிடி ரன்னரா வந்தாரு, கும்ப்ளே ஓவர்ல அடுத்தடுத்து மூணு சிக்ஸ், விவ் ரிச்சர்ட்ஸோட 189 ரெக்கார்டு போச்சு. இதே அன்வர் 1990ல ஃபைசலாபாத்ல வெஸ்ட் இண்டீஸோட ஆடுன முதல் டெஸ்ட்ல ரெண்டு இன்னிங்ஸும் டக். அடுத்த டெஸ்ட் ஆட மூணு வருஷத்துக்கு மேல காத்திருந்தார். சேவாக்கும் அப்படித்தான், 1999ல மொஹாலில பாகிஸ்தானோட முதல் ஒன்டே, 1 ரன், அக்தர் எல்பிடபிள்யூ எடுத்தாரு, பந்து போட்டு 3 ஓவர்ல 35 ரன் குடுத்தாரு, கிட்டத்தட்ட ஒன்றரை வருஷத்துக்கு மேல டீம் பக்கமே வரல. 2008ல நம்ம சேப்பாக்கத்துல 278 பால்ல 300.

நம்ம ஸ்ரீகாந்த்தையும் சொல்லியே ஆகணும். 1981ல வான்கடேல இங்கிலாந்தோட முதல் டெஸ்ட், முதல் இன்னிங்ஸ்ல 0, ரெண்டாவதுல 13, அந்த 13ல அவுட் ஆன விதம்தான் பேச்சு, பந்து விளையாட்டுல இருக்கும்போதே ஏதோ ஞாபகத்துல கிரீஸை விட்டு வெளிய நடந்து போயிட்டார், ரன் அவுட் பண்ணிட்டாங்க. இவ்வளவு அஜாக்கிரதையா இருக்கற ஆள் ஓப்பனிங்குக்கு லாயக்கில்லன்னு யாராவது அன்னிக்கு முடிவு பண்ணியிருந்தா தப்பு சொல்ல முடியாது. ஆனா 1983 ஃபைனல்ல லார்ட்ஸ்ல மொத்த மேட்ச்லயும் அதிக ரன் அடிச்சது அவர்தான், 38. என்னைக் கேட்டா அவர் எதையும் மாத்திக்கல, அதே ஆட்டம்தான், அதே பதற்றம்தான். ஒருத்தன் குறைன்னு நாம பாக்கறதும் அவனோட பலமும் ஒரே இடத்துலேருந்து வரலாம்.

சரி, இப்ப நான் உண்மையிலேயே சொல்ல வந்த ஆள், வருண் சக்கரவர்த்தி. மேல சொன்ன பேட்ஸ்மேன்கள் நிறைய பேருக்கு முதல்லேருந்தே ஆட்டம் கையில இருந்துச்சு, ரன்தான் வரல. வருணுக்கு அந்த ஆட்டமே பாதில செஞ்சது. ஸ்கூல் நாள்ல விக்கெட் கீப்பர், அப்புறம் கிரிக்கெட்டை விட்டுட்டு எஸ்.ஆர்.எம்.ல ஆர்க்கிடெக்சர் படிச்சார், வேலைக்கும் போனார், திரும்பக் கிரிக்கெட்டுக்கு வந்து மீடியம் பேஸ் போட்டார், முட்டில அடிபட்டுச்சு, அதுக்கப்புறம்தான் ஸ்பின். 2017-18 சீசன்ல மெட்ராஸ் லீக் நாலாவது டிவிஷன்ல ஜூபிலி கிரிக்கெட் கிளப்புக்கு ஆடி 7 மேட்ச்ல 31 விக்கெட். அடுத்து டி.என்.பி.எல்.ல, அதாவது தமிழ்நாடு பிரீமியர் லீக்ல, மதுரை டீம், அந்த வருஷம் கப் அவங்களுக்குத்தான். ஏலத்துல பஞ்சாப் 8.4 கோடி குடுத்து எடுத்தாங்க. 2019 மார்ச் ஈடன் கார்டன்ல முதல் ஐ.பி.எல். மேட்ச், முதல் ஓவர்லயே சுனில் நரைன் புண்ணியத்துல 25 ரன். அந்த சீசன்ல அந்த ஒரு மேட்ச்தான்.

கொல்கத்தா எடுத்து வளர்த்து விட்டாங்க, 2021 டி20 வேர்ல்ட் கப் டீமுக்கும் போனார், அங்க மூணு மேட்ச், ஒரு விக்கெட்கூட இல்ல, இந்தியா சூப்பர் 12 ரவுண்டோட வெளிய. அதோட மூணு வருஷம் இந்தியா டீம் கதவு சாத்தியாச்சு. இங்கதான் அவர் பண்ண வேலைய கவனிக்கணும். அதுவரைக்கும் அவர் போட்டது சைட் ஸ்பின், பந்து பக்கவாட்டுல சுத்திக்கிட்டு போகும், பிட்ச்ல பட்டுத் திரும்பும், ஆனா பெரிய பேட்ஸ்மேன்கள் பின்னாடி போய்ப் பார்த்து ஆடிடுவாங்க. அதை விட்டுட்டு ஓவர் ஸ்பின்னுக்கு மாறுனார், அதாவது பந்து முன்னால உருண்டு போற மாதிரி மேல்பக்கமா சுத்தும், அதனால பேட்ஸ்மேன் எதிர்பாக்கறதுக்கு முன்னாடியே இறங்கும், பட்டவுடனே எகிறும், மட்டையோட மேல் பக்கத்துல படும். கேட்க சின்ன விஷயம் மாதிரி இருக்கும், ஆனா மணிக்கட்டு, விரல், லைன், லெங்த் எல்லாத்தையும் திரும்ப முதல்லேருந்து கத்துக்கணும், முப்பது வயசுக்கு மேல. அதுக்கு ரெண்டு வருஷம் ஆச்சு.

2024ல கொல்கத்தா ஐ.பி.எல். கப் ஜெயிச்சப்போ ஃபைனல் நடந்தது நம்ம சேப்பாக்கத்துல. அக்டோபர்ல குவாலியர்ல இந்தியாவுக்குத் திரும்ப ஆடுனார், 3 விக்கெட். நவம்பர்ல தென்னாப்பிரிக்காவுல 17 ரன்னுக்கு 5. 2025 பிப்ரவரில கட்டாக்ல ஒன்டே அறிமுகம், வயசு 33. மார்ச்ல சாம்பியன்ஸ் டிராஃபில துபாய்ல நியூசிலாந்துக்கு எதிரா 42 ரன்னுக்கு 5 விக்கெட், கப்பும் வந்துச்சு.

நான் கீழ் டிவிஷன் டீம் ஒண்ணுக்கு ரொம்ப வருஷமா ஸ்கோர் எழுதுறேன். மேட்டிங் விக்கெட், ஒரு மரத்தடி, ஒரு மடக்கு டேபிள். டக் அவுட்டான பையன் பேடைக் கழட்டிப் போட்டுட்டு நேரா டேபிளுக்கு வந்து நின்னு, நான் எழுதுன முட்டையையே கொஞ்ச நேரம் பாத்துட்டு, "அண்ணே, அடுத்த மேட்ச் எப்போ?"ன்னு கேப்பான். அடுத்த ஞாயித்துக்கிழமைன்னு சொல்ல முடியுது பாருங்க, வருண் மாதிரி ஒருத்தர் 26 வயசுல புதுசா ஸ்பின் போட ஆரம்பிச்சும் வெளிய வர முடிஞ்சதுக்கு அதுதான் காரணம்னு நான் நம்பறேன். மெட்ராஸ் லீக் நாலாவது டிவிஷன்ல யாரும் உங்க வயசைக் கேக்கறதில்ல, போன வருஷம் நீ கீப்பர்தானேன்னும் கேக்கறதில்ல. நடராஜனையும் இதே கணக்குலதான் வெப்பேன், சேலம் சின்னப்பம்பட்டிலேருந்து வந்து 2015ல முதல் ரஞ்சி மேட்ச் ஆடுனவுடனே பந்து போடற ஆக்‌ஷன் விதிப்படி சரியில்லன்னு ரிப்போர்ட் ஆச்சு, ஒரு பவுலருக்கு அதைவிட மோசமான ஆரம்பம் கிடையாது. ஆக்‌ஷனை மாத்திக்கிட்டு 2016 டி.என்.பி.எல்.ல திரும்ப வந்தார், நெட் பவுலரா, அதாவது பிராக்டிஸ்ல பந்து போடறவரா, ஆஸ்திரேலியா போன ஒரே டூர்ல மூணு ஃபார்மட்லயும் அறிமுகம் ஆனார்.

தலைகீழ் உதாரணமும் நம்ம சேப்பாக்கத்துலயே இருக்கு. 1988 பொங்கல் டெஸ்ட்ல நரேந்திர ஹிர்வானி முதல் மேட்ச்லயே வெஸ்ட் இண்டீஸோட 16 விக்கெட், 136 ரன்னுக்கு, இன்னிக்கு வரைக்கும் டெஸ்ட் அறிமுகத்துல அதைத் தாண்ட யாருமில்ல. அவர் மொத்தமா ஆடுனது 17 டெஸ்ட், 66 விக்கெட். முதல் மேட்ச வெச்சு ஆளைக் கணிக்கறவங்க ஹிர்வானியையும் அட்டப்பட்டுவையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கணும்.

செலக்டர்கள் பத்தியும் ஒண்ணு சொல்லிடறேன். ஆஸ்திரேலியாவோட ஸ்டீவ் வாஹ் 26 டெஸ்ட் ஆடியும் ஒரு செஞ்சுரிகூட அடிக்கல, ஆனாலும் ஆட வெச்சாங்க, 27வது டெஸ்ட்ல ஹெடிங்லில 177 நாட் அவுட், கடைசில 10927 ரன், 32 செஞ்சுரி. மூணு மேட்ச்ல விக்கெட் இல்லைன்னு வருணை மூணு வருஷம் வெளிய உட்கார வெச்சது எனக்கு இப்பவும் மனசு ஆறல, நல்லா போட்டுக்கிட்டு இருந்திருக்க வேண்டிய வயசு அது.